விசையை உணரும் மச்சை: மூப்பில் என்புக் கலங்களுக்கு நேர்வது

(இணுவிலில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

என்பு உடலைத் தாங்கும் தூண் என்ற அளவிலேயே பொதுவாக அறியப்பட்டிருப்பினும், அதன் உட்குழிவில் நிறைந்திருக்கும் மச்சை என்னும் மென்மையான இழையமே வாழ்நாள் முழுவதும் குருதியையும் என்பையும் ஒருங்கே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. வளர்ந்த ஒருவரின் மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி செங்குழியங்களை உண்டாக்குகிறது. குருதியை உண்டாக்கும் இக்கலங்களுக்கு இடையே, பதினாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ, வேறு வகையான சில கலங்கள் பரவிக் கிடக்கின்றன. 1960களிலும் 1970களிலும் சோவியத் அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃப்ரீடென்ஸ்டைன் அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். ஒரே கலம் பெருகித் தனிக் கூட்டமாகிறது என்பதும், அக்கூட்டத்தை உடலுக்குள் மீளப் பதித்தால் அது என்பை உண்டாக்கக்கூடும் என்பதும் அவர் ஆய்வுகளால் தெளிவாயின. என்பாகவோ கசியிழையமாகவோ கொழுப்பாகவோ மாறும் வல்லமை கொண்ட இவற்றை மச்சையின் மூலக்கலங்கள் என்று அழைக்கலாம். இம்மூலக்கலங்கள் தம்மீது படும் அழுத்தம், இழுவை, அதிர்வு, நீரோட்டத்தின் உராய்வு ஆகியவற்றை எவ்வாறு உணர்கின்றன என்பதும், வயது ஏற ஏற அவ்வுணர்திறனுக்கு என்ன நேர்கிறது என்பதுமே இச்சொற்பொழிவின் பொருள்.

இப்பொருளை இவ்வூரில் வைத்துப் பேசுவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. இணுவிலுக்கு அயலூரான மானிப்பாயில் இருந்துகொண்டே மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழ் மாணவருக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அப்பணியின் வழியே 1872 இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம், என்பு ஒவ்வொன்றையும் தமிழில் வருணித்த பெருநூல். 1898 இல் இணுவிலிலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. உடலைப் பற்றிய புதிய அறிவு இம்மண்ணில் தமிழில் பேசப்பட்டது புதுமையன்று. இடையில் அவ்வழக்கம் தேய்ந்ததே வருத்தத்துக்குரியது.

கிறீன் காலத்து உடற்கூற்றியலில் என்பு ஏறக்குறைய மாறாப் பொருளாகவே தோன்றியது. அக்கருத்தை அசைத்தவர் பெர்லினைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜூலியஸ் வோல்ஃப். என்பின் உள்ளமைப்பு அதன்மீது வழக்கமாகப் படும் விசைகளுக்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்று 1892 இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். எந்த அளவு விசை போதும், எந்த அளவு மிகை என்ற வினாவை நூறாண்டு அளவு கழித்து அமெரிக்க மருத்துவர் ஹரோல்ட் ஃப்ரொஸ்ட் தெளிவாக முன்வைத்தார். விசையால் ஒரு பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு மாறுகிறது என்பதை விகாரம் என்பர். அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நுண்விகாரம் எனப்படும். விகாரம் ஒரு குறித்த வரம்பின்கீழ் விழுந்தால் உடல் அவ்வென்பைத் தேவையற்றதென அகற்றத் தொடங்கும் என்றும், மேல்வரம்பைத் தாண்டினால் புதிதாகக் கட்டத் தொடங்கும் என்றும் ஃப்ரொஸ்ட் கொண்டார். மனிதரின் கீழ்க்கால் என்பிலேயே அளவுமானியைப் பொருத்தி 1996 இல் வெளியிட்ட அளவீட்டில், கடுமையாக ஓடும்போதும் விகாரம் 2000 நுண்விகாரத்தை எட்டவில்லை. அதாவது ஒரு மீற்றர் நீளத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் மாற்றம்கூட இல்லை.

இவ்வளவு சிறிய மாற்றத்தைக் கலம் எப்படி அறிகிறது என்பது நெடுங்காலம் விடைகாணாத சிக்கலாக இருந்தது. ஆய்வுகூடத்துத் தட்டில் வளரும் கலத்தைத் தூண்டுவதற்கு இதைவிடப் பன்மடங்கு இழுவை தேவைப்பட்டமையால், உடலுக்குள் ஏதோ ஒன்று விசையைப் பெருக்கித் தருகிறது என்று ஊகிக்க வேண்டியதாயிற்று. விடை என்பின் நுண்ணமைப்பிலேயே இருந்தது. கெட்டியான என்புக்குள் சிறு குழிகளில் சிறைப்பட்டதுபோல் அமர்ந்திருக்கும் என்புக்கலங்கள், மயிரிழையிலும் மெல்லிய கால்வாய்களின் வழியே ஒன்றோடொன்று கைகோத்திருக்கின்றன. வளர்ந்த ஒருவரின் உடலில் அவை ஏறக்குறைய 4200 கோடி என மதிப்பிடப்பட்டுள்ளது. காலை ஊன்றும்போது என்பு ஒரு பக்கம் சிறிதே நெரிபட, அக்கால்வாய்களில் உள்ள பாயம் மறுபக்கம் நோக்கி ஓடி, கலங்களின் நீட்சிகளை உரசி இழுக்கிறது. கலம் உணர்வது பெரும்பாலும் இவ்வுராய்வையே. உராய்வை உணர்ந்த என்புக்கலம் ஸ்கிளெரொஸ்டின் என்னும் புரதத்தைச் சுரப்பதைக் குறைக்கிறது. என்பு கட்டப்படுவதைத் தடுத்து வைத்திருப்பது அப்புரதமாகையால், அது குறைந்த இடத்தில் என்பு வளரத் தொடங்குகிறது.

மச்சைக்குள் இருக்கும் மூலக்கலங்களின் நிலை வேறு. அவை கெட்டியான சுவருக்குள் இல்லாமல், கூழ்போன்ற இழையத்தில், குருதிக் குழாய்களை ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொரு அடி வைப்பிலும் மச்சைக்குள் எழும் அழுத்த ஏற்றவிறக்கமும் பாய ஓட்டமும் அவற்றை எட்டுகின்றன. அவற்றோடு, தாம் பற்றி நிற்கும் தளம் எவ்வளவு விறைப்பானது என்பதையும் அவை இழுத்துப் பார்த்து அறிகின்றன. இதனை அடம் எங்லரும் டெனிஸ் டிஷரும் 2006 இல் காட்டினர். ஒரே மூலக்கலத்தை மூளையிழையம்போல் மெதுவான தளத்தில் வைத்தபோது நரம்புக்கலத்தின் சாயலையும், தசைபோன்ற தளத்தில் வைத்தபோது தசையின் சாயலையும், அதனிலும் விறைப்பான, 25 முதல் 40 கிலோபஸ்கால் வரையிலான தளத்தில் வைத்தபோது என்பாக்கும் கலத்தின் சாயலையும் அது பெற்றது. ஓமோனும் உணவும் மட்டுமே கலத்தின் போக்கைத் தீர்மானிக்கும் என்றிருந்த நம்பிக்கைக்கு இந்த ஒரு பரிசோதனை பெரிய திருத்தம் என்றே சொல்ல வேண்டும்.

விசையை உணரும் உறுப்புகளில் மூன்றைச் சற்று நெருங்கிப் பார்த்தல் தகும். முதலாவது, கலத்தின் மென்சவ்வில் பதிந்திருக்கும் பியெசோ 1 என்னும் புரத வாயில். சவ்வு இழுபட்டவுடன் இது திறந்து கல்சியம் அயன்களை உள்ளே விடும். இதனை 2010 இல் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியன், தொடுகை, வெப்பம் ஆகியவற்றின் உணர்வைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2021 இல் டேவிட் ஜூலியஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரண்டாவது, கலத்துக்குள் ஓடும் அக்டின் இழைகள். இவை ஒருபுறம் கலத்தைத் தளத்தோடு பிணைக்கும் புள்ளிகளிலும், மறுபுறம் கருவின் உறையிலும் கட்டப்பட்டு எப்போதும் இழுவிசையில் நிற்கின்றன. மூன்றாவது, கருவின் உறையை உள்ளிருந்து தாங்கும் லமின் ஏ என்னும் புரத வலை. விறைப்பான இழையங்களில் இது மிகுதியாகவும் மெதுவான இழையங்களில் குறைவாகவும் இருப்பதை டிஷரின் குழுவினர் 2013 இல் வெளியிட்டனர். இப்புரதத்தின் பரம்பரையலகு பழுதுற்றால் குழந்தைப் பருவத்திலேயே முதுமைக் கோலம் கொள்ளும் புரொஜீரியா என்னும் அரிய நோய் உண்டாவது, விசையுணர்வும் மூப்பும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பதற்குக் கண்கூடான சான்று.

தவிலுக்குப் பேர்போன இவ்வூரில் இதனை விளக்குவது எளிது. வலந்தலையின் தோல் வாரினால் இறுகக் கட்டப்பட்டிருக்கும்போதுதான் விரலின் சிறு தட்டும் தெளிந்த சொல்லாய் எழுகிறது. வார் தளர்ந்த தவிலில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஓசை மங்கலாகவே பிறக்கும். கலத்தின் அக்டின் இழைகளும் அவ்வாறே. வெளியிலிருந்து வரும் விசை எவ்வளவு என்பதோடு, அதனை ஏற்கும் கலம் எவ்வளவு இழுவிசையில் நிற்கிறது என்பதும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கிறது. தன் இழைகளை ஓயாது பிரித்தும் பின்னியும் அவ்விழுவிசையைப் பேணிக்கொள்வது கலத்தின் அன்றாட வேலை.

மூப்பு இந்த வேலையைத் தாக்குகிறது. இளம் எலிகளின் மூலக்கலங்களையும் மூத்த எலிகளின் மூலக்கலங்களையும் ஒப்பிட்டு பெர்லினில் நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், மூத்த கலங்களில் அக்டின் இழைகள் புதுப்பிக்கப்படும் வேகம் குறைந்திருந்தது. ஒட்சியேற்றத் தாக்கத்தைத் தடுக்கும் புரதங்களும் குறைந்திருந்தன. கலங்கள் இடம்பெயர்வதில் மந்தமாக இருந்ததோடு, வெளியிலிருந்து வரும் தூண்டல்களுக்கும் குறைவாகவே பதிலளித்தன. கலத்தின் குறை இவ்வளவென்றால், அது வாழும் சூழலின் குறை வேறு. பிறந்த குழந்தையின் என்புகளில் ஏறத்தாழ முழுவதும் செம்மச்சையே இருக்கிறது. வளர வளரக் கைகால்களில் அது கொழுப்பு மிகுந்த மஞ்சள் மச்சையாக மாறி, முதுமையில் முள்ளந்தண்டிலும் இடுப்பிலும்கூடக் கொழுப்பே மேலோங்குகிறது. கொழுப்பும் என்பும் ஒரே மூலக்கலத்திலிருந்தே பிறப்பதனால் ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கமாக முடிகிறது. மேலும், கொழுப்பு நிறைந்த மச்சையில் பாய ஓட்டத்தின் தன்மையும் தளத்தின் விறைப்பும் மாறிவிடுவதால், விசை எழுந்தாலும் மூலக்கலத்தை முன்போல் சென்றடைவதில்லை. கெட்டி என்புக்குள் இருக்கும் என்புக்கலங்களின் நீட்சிகளும் முதுமையில் குறைந்து வலைப்பின்னல் சிதைகிறது. ஆக, விசையைப் பெருக்கித் தரும் அமைப்பு, அதனைக் கடத்தும் மச்சை, அதனை ஏற்கும் கலம் ஆகிய மூன்றும் ஒருசேரத் தளர்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் பழுதென்று சுட்டி, அதற்கொரு மருந்து தேடும் முயற்சிகள் பெரிதாகப் பயன் தராமைக்கு இதுவே காரணம் எனலாம்.

இத்துறையில் அண்மைக்காலத்தில் வந்த ஆய்வுகளுள் மிகுந்த கவனத்துக்குரியது, டலஸ் நகரில் ஷோன் மொரிசனின் குழுவினர் 2021 இல் வெளியிட்டது. மச்சைக்குள் சிறு நாடிகளை ஒட்டி ஒஸ்டியோலெக்டின் என்னும் புரதத்தைச் சுரக்கும் ஒருவகை முன்னோடிக் கலங்களை அவர்கள் கண்டனர். இவை என்பாக மாறவல்லவை என்பதோடு, நோயெதிர்ப்புக்கு உதவும் நிணநீர்க்குழியங்களின் இளம் பருவத்தைப் பேணும் காரணியையும் சுரக்கின்றன. சுண்டெலிகளைச் சக்கரத்தில் விருப்பம்போல் ஓடவிட்டபோது இக்கலங்கள் பெருகின. பின்னங்கால்கள் நிலத்தில் படாதவாறு தூக்கி வைத்தபோது அருகின. வயதேற ஏறவும் அருகின. பியெசோ 1 வாயிலை இக்கலங்களிலிருந்து நீக்கியபோது என்பு மெலிந்ததோடு, பற்றீரியத் தொற்றை எதிர்க்கும் ஆற்றலும் குன்றியது. நடை குறைந்த முதியவருக்கு என்பு முறிவும் தொற்றுநோயும் அடுத்தடுத்து வருவதைக் காணும் மருத்துவருக்கு, இவ்விரண்டும் மச்சையில் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கக்கூடும் என்ற எண்ணம் புதிய வழியொன்றைக் காட்டுகிறது.

விலங்கில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா என்ற வினாவுக்கு விடை தந்த ஆய்வுகளின் வரலாறு ஏமாற்றமும் நம்பிக்கையும் கலந்தது. நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த கிளின்டன் ரூபினின் குழுவினர், செக்கனுக்கு 30 தடவை மிக மென்மையாக அதிரும் தட்டின்மீது வளர்ந்த செம்மறியாடுகளை நாளொன்றுக்கு 20 நிமிடம் நிறுத்தி, ஓராண்டின் பின் தொடை என்பின் உட்பகுதி அடர்த்தி 34 வீதம் கூடியதாக 2001 இல் அறிவித்தனர். 2007 இல் அதே குழுவினர், இவ்வகை அதிர்வு சுண்டெலிகளின் உடற்கொழுப்பு உருவாவதையும் 27 வீதம் தடுத்ததைக் காட்டினர். மூலக்கலம் கொழுப்பின் பக்கம் சாயாமல் விசை திசைதிருப்புகிறது என்பதற்கு அது ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. என்பு அடர்த்தி குறைந்த 15 முதல் 20 வயது வரையிலான 48 பெண்களிடம் நடத்திய ஆய்வும் 2006 இல் சிறிய ஆனால் தெளிவான பயனைக் காட்டியது. இவற்றை நம்பி, சராசரி வயது 82 ஆன 174 பேரிடம் இரண்டாண்டு காலம் நடத்திய ஆய்வின் முடிவு 2015 இல் வெளிவந்தபோது, தட்டில் நின்றவர்களுக்கும் அதிராத போலித் தட்டில் நின்றவர்களுக்கும் இடையே என்பு அடர்த்தியில் வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவை அதிர்வுச் சிகிச்சையின் தோல்வியாக மட்டும் எடுத்துக்கொள்வது பொருளின் பாதியை இழப்பதாகும். 1995 இலேயே சார்ள்ஸ் டேர்னரும் அவருடைய கூட்டாளிகளும் 9 மாத எலிகளையும் 19 மாத எலிகளையும் ஒப்பிட்டு, மூத்த என்பு முற்றாகச் செயலிழக்கவில்லை என்பதையும், ஆனால் அதனைத் தூண்டத் தேவையான விசையின் வரம்பு உயர்ந்துவிட்டது என்பதையும் காட்டியிருந்தனர். அவ்வாறாயின், இளம் மச்சைக்குப் போதுமான மெல்லிய அதிர்வு மூத்த மச்சையை எட்டாது போனதில் வியப்பில்லை. பெரிய விசை கொடுத்தால் என்னவாகும்? அவுஸ்திரேலியாவில் 58 வயதைக் கடந்த, என்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களிடம் நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான விடை. கிழமைக்கு இரண்டு தடவை, தடவைக்கு 30 நிமிடம், பயிற்றுநரின் நேர்ப்பார்வையில் பாரம் தூக்கியும் குதித்து ஊன்றியும் பயின்ற பெண்களின் கீழ் முதுகென்பு அடர்த்தி எட்டு மாதத்தில் 2.9 வீதம் கூடியது. வீட்டில் இலகுவான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 வீதம் குறைந்தது. நேர்ப்பார்வை என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மெலிந்த முதுகென்பை உடையவர் தம்பாட்டில் பாரம் தூக்கப் புகுந்தால் முறிவிலேயே போய் முடியக்கூடும்.

விசையின் அளவோடு அதன் இடைவெளியும் முக்கியம். தொடர்ந்து படும் விசைக்குக் கலம் விரைவில் பழகி, மேலும் பதிலளிப்பதை நிறுத்திவிடுகிறது. அதே அளவு விசையைச் சில மணிநேர இடைவெளியில் பிரித்துக் கொடுத்தால் பயன் கூடுவதை விலங்குகளிலும், தட்டில் வளர்த்த மூலக்கலங்களிலும் கண்டுள்ளனர். ஒவ்வொரு அசைவுக்கும் இடையே பத்துச் செக்கன் அளவு ஓய்வு விட்டாலே பயன் கூடுவதாகவும் விலங்காய்வுகள் காட்டின. இணுவில், கோண்டாவில், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரம் வருமுன் நடந்த துலா மிதிப்பை இவ்விடத்தில் நினைப்பது பொருந்தும். ஆடுகாலில் பொருத்திய துலாவின்மேல் ஏறியவர் முன்னும் பின்னும் நடந்து தம் எடையை மாற்ற, பனையோலைப் பட்டை கிணற்றில் இறங்கி நிறைந்து மேலெழும். பட்டை நிறையும் நேரமும், கீழே நிற்பவர் அதனை வாய்க்காலில் ஊற்றும் நேரமும் மிதிப்பவருக்கு ஓய்வு. சாதாரண நடையிலேயே இடுப்பு மூட்டின்மேல் உடல் எடையின் இரண்டரை மடங்களவு விசை படுகிறது. ஒடுங்கிய சரிவான மரத்தின்மேல் சமநிலை பேணி நடந்தவரின் இடுப்பும் முதுகும், ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொரு கோணத்தில் அதனை ஏற்றன. அவ்வுழைப்பின் கடுமையைப் புகழ்ந்து அதற்குத் திரும்பச் சொல்வது எவருக்கும் நோக்கமாகாது. விட்டு விட்டு வரும், திசை மாறும், எடை மிகுந்த விசை என்னும் அதன் அமைப்பை மட்டும் இன்றைய உடற்பயிற்சி வகுப்பவர்கள் கருத்திற்கொள்ளலாம்.

விசை இல்லாமையின் தீமை, விசையின் நன்மையைவிட விரைவாக வெளிப்படுகிறது. ஈர்ப்பை உணராத விண்வெளி வீரர்களின் இடுப்பென்பு மாதத்துக்கு ஒரு வீதம் முதல் ஒன்றரை வீதம் வரை அடர்த்தி இழக்கிறது. நலமான பெண்களை 60 நாள் கட்டிலிலேயே படுக்கவைத்து நடத்திய ஆய்வில் அவர்களின் முதுகென்பு மச்சையில் கொழுப்புக் கூடியது. எழுந்து நடமாடத் தொடங்கி ஓராண்டு கழிந்த பின்னும் அக்கூடுதல் முற்றாக நீங்கவில்லை. இளமைக்கே இவ்வாறெனின், உணர்வரம்பு ஏற்கெனவே உயர்ந்துவிட்ட முதிய மச்சைக்குப் படுக்கை என்ன செய்யும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதமாக இருந்தனர். பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட்ட யாழ்ப்பாணத்து ஊர்களில் மூத்தோர் மட்டுமே தனித்திருக்கும் வீடுகள் பல. வயது போனவர்கள் சும்மா இருக்க வேணும் என்று அன்பினால் சொல்லப்படும் வார்த்தையும், விழுந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் நாற்காலியிலேயே இருத்திவிடும் வழக்கமும், மச்சையின் கணக்கில் நாள்தோறும் இழப்பாகவே பதிகின்றன. இடுப்பென்பு முறிந்து சத்திரசிகிச்சை பெற்றவரை இயலுமாயின் மறுநாளே எழுப்பி நிற்கவைக்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவதை வீட்டார் கொடுமையாக எண்ணுவதுண்டு. அவ்வற்புறுத்தலுக்குப் பின்னால் இவ்வளவு அறிவியல் நிற்கிறது.

இன்னொரு கூட்டத்தாரும் இம்மண்ணில் உள்ளனர். போரில் மிதிவெடியால் காலிழந்து, யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்தில் செயற்கைக் கால் பெற்று நடந்தவர்கள் இப்போது மூப்பின் வாசலில் இருக்கின்றனர். துண்டிக்கப்பட்ட பக்கத்துத் தொடையென்பு, முழு எடையையும் ஏற்காதபடியால் மற்றத் தொடையைவிட மெலிந்திருப்பது உலகெங்கும் காணப்படுவது. அதன்மேல் மூப்பின் மெலிவும் சேரும். பொருத்தமற்றுப்போன செயற்கைக் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலோடு காலங்கழிப்பவருக்கு, எஞ்சிய காலை ஏற்கும் புதிய குழியுறை ஒன்றைச் செய்து பொருத்துவது வசதி மட்டுமன்று. அத்தொடையின் மச்சைக்கு விசையை மீளக் கொண்டுசெல்லும் மருத்துவமுமாகும்.

மருந்துகளின் பக்கமிருந்தும் சில முயற்சிகள் நடைபெறுகின்றன. ஸ்கிளெரொஸ்டினைத் தடுக்கும் ரொமொசொசுமாப் என்னும் ஊசி மருந்து 2019 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விசை தர வேண்டிய செய்தியை அது விசையின்றியே தருகிறது எனலாம், ஆயினும் ஓராண்டுக்கு மட்டுமே அதனைக் கொடுப்பர், விலையும் எளியவர் எட்டக்கூடியதன்று. ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹார்ட்முட் கைகரின் குழுவினர், குருதியை உண்டாக்கும் முதிய மூலக்கலங்களில் அக்டின் அமைப்பை ஒழுங்குபடுத்தும் சிடிசி 42 என்னும் புரதம் அளவுக்கு மீறிச் செயற்படுவதைக் கண்டு, அதனை அடக்கியபோது சுண்டெலிகளின் கலங்கள் இளமைக்குரிய ஒழுங்கை மீளப் பெற்றதை 2012 இல் வெளியிட்டனர். மூலக்கல ஊசியென்றும் அதிர்வுத் தட்டென்றும் முதியோருக்கு விற்கப்படுவன இந்த ஆய்வுகளின் பெயரைச் சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சுண்டெலியில் கண்டது எது, இளம்பெண்களிடம் கண்டது எது, 82 வயதினரிடம் காணாமற்போனது எது என்று பிரித்துக் கேட்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு; அவ்வினாக்களுக்குத் தமிழில் விடை கூறும் கடமை மருத்துவம் கற்றவர்களுக்கு உண்டு.